ஓக்டன்: 44க்கு 44 வாங்கிய இல்லம்

2016ஆம் ஆண்டின் தொடக்கத்தில், தென் ஆஸ்திரேலியாவின் தலைநகரான அடிலெய்டில், அறுபது வயதைக் கடந்த ஒருவரை அவருடைய குடும்பம் அரசு நடத்திய பராமரிப்பு இல்லத்தில் சேர்த்தது. அவருக்குப் பார்க்கின்சன் நோய். கூடவே லூயி பாடி டிமென்ஷியா என்னும் வகை மறதி நோய். வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் கட்டம் தாண்டிவிட்டது. வேறு இல்லங்கள் ஏற்கத் தயங்கும் அளவுக்கு நடத்தை மாறிப்போனவர்களுக்கென்றே இருந்த இடம் அது. ஓக்டன் என்று பெயர். இந்த நோயைத் தெரிந்தவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்ற நம்பிக்கையில்தான் எந்தக் குடும்பமும் அங்கே போகும்.

சில வாரங்களில் அவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டிவந்தது. உடம்பில் அடிபட்டுக் கன்றியதுபோல, காரணம் தெரியாத ரத்தக்கட்டுகள். நுரையீரலில் தொற்று. நீர்ச்சத்து வற்றியிருந்தது. மருத்துவர் எழுதிய அளவைப்போலப் பத்து மடங்கு மனநோய் மருந்து அவருக்குக் கொடுக்கப்பட்டிருந்ததும் தெரியவந்தது. அதே ஆண்டு ஜூலை மாதம் அவர் இறந்தார்.

அதே 2016இல் ஓக்டன் வளாகத்தின் முதியோர் பராமரிப்புப் பிரிவுகளைக் கூட்டாட்சி அரசின் தர முகமை தணிக்கை செய்தது. 44 அம்சங்களைப் பார்த்தது. 44இலும் தேர்ச்சி. மூன்று ஆண்டுகளுக்கு அங்கீகாரம்.

ரத்தக்கட்டுகளும் முழு மதிப்பெண்ணும் ஒரே வளாகத்தில், ஒரே ஆண்டில் எப்படிச் சேர்ந்து இருந்தன? இந்த ஆய்வு அந்த ஒரு கேள்வியைத்தான் பிடித்துக்கொண்டு போகிறது.

இரண்டு வாசல் உள்ள வீடு

ஓக்டன் முதியோர் மனநலச் சேவை 1982இல் திறக்கப்பட்டது. மாக், மெக்லே, கிளெமென்ட்ஸ் என்று மூன்று பிரிவுகள். முதல் இரண்டும் கூட்டாட்சி அரசின் நிதி பெறும் முதியோர் பராமரிப்பு இல்லங்கள். ஆகவே கூட்டாட்சி முகமையின் தணிக்கைக்கு உட்பட்டவை. கிளெமென்ட்ஸ் மாநில அரசின் மனநலப் பிரிவு. மூன்றையும் நடத்தியது வடக்கு அடிலெய்டு உள்ளூர் சுகாதார வலையமைப்பு என்ற மாநில அமைப்பு.

கட்டமைப்பைப் பற்றி இவ்வளவு சொல்லக் காரணம் இருக்கிறது. கூட்டாட்சி அரசு இருக்கும் கான்பெராவிலிருந்து பார்த்தால் அது ஒரு முதியோர் இல்லம். அடிலெய்டிலிருந்து பார்த்தால் அது ஒரு மனநலச் சேவை. முதியோர் இல்லம் என்றால் தணிக்கை செய்ய முகமை இருக்கிறது. மனநலச் சேவை என்றால் நிர்வகிக்க மாநிலம் இருக்கிறது. இரண்டு பேர் காவல் இருக்கும் வீட்டில் இருவருமே மற்றவர் விழித்திருப்பார் என்று கண்ணயர்ந்துவிடுவது உண்டு.

கட்டடமும் பொருத்தமானதாக இல்லை. மறதி நோயில் ஒருவருக்குக் கட்டடமே பாதி மருந்து. கழிப்பறைக் கதவு கண்ணில் படவேண்டும். நடந்தால் சுற்றித் திரும்ப வரும்படி பாதை இருக்கவேண்டும். முட்டிக்கொண்டு நிற்கும்படி ஒரு மூடிய கதவில் போய் முடியக்கூடாது. பகல் வெளிச்சம் உள்ளே விழவேண்டும், இரவு இரவாகத் தெரியவேண்டும். பழைய மனநல விடுதிகளின் வார்ப்பில் கட்டிய இடத்தில் இவை கிடைப்பது அரிது. பின்னாளில் வந்த ஆய்வுக் குழுவும் அந்தக் கட்டடம் இந்த வேலைக்கு ஆகாது என்றே முடிவுக்கு வந்தது.

பத்து மடங்கு

மருந்து விஷயத்தில் சற்று நிற்க வேண்டும். பத்து மடங்கு என்பது யாருக்கும் ஆபத்து. லூயி பாடி டிமென்ஷியா உள்ளவருக்கு அது வேறு தரத்து ஆபத்து.

இந்த நோயில் இல்லாத உருவங்கள் தெரியும். அறை மூலையில் குழந்தைகள் நிற்பார்கள், சுவரில் பூச்சி ஊரும். பயந்தவர் கத்துவார், தள்ளுவார், அடிக்கவும் செய்வார். சுற்றியிருப்பவர்கள் மருந்து கேட்பார்கள். மனநோய் எதிர்ப்பு மருந்துகள் பெரும்பாலும் மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளின் வேலையைத் தடுப்பவை. லூயி பாடி நோயாளியின் மூளையில் டோபமைன் ஏற்கெனவே வற்றியிருக்கிறது. வற்றிய கிணற்றை மூடியும் வைத்தால் என்ன ஆகும்? உடல் விறைக்கும். விழுங்க முடியாது. பகலெல்லாம் தூக்கம். இந்த நோயாளிகளில் இம்மருந்து பெற்றவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்குக் கடுமையான எதிர்விளைவு வந்ததை 1992இலேயே பிரிட்டிஷ் மருத்துவர்கள் பதிவுசெய்தார்கள். 2005இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், எந்த வகை மறதி நோயானாலும் முதியவர்களுக்கு இம்மருந்துகள் இறப்பு அபாயத்தை 1.6 முதல் 1.7 மடங்கு உயர்த்துவதாக மருந்துப் பெட்டியிலேயே எச்சரிக்கை போட உத்தரவிட்டது. ஆகவே 2016இல் இது யாருக்கும் புதுச் செய்தி இல்லை.

அளவு மீறினால் ஒன்றன்பின் ஒன்றாக என்ன நடக்கும் என்பதும் தெரிந்ததுதான். மயக்கத்தில் இருப்பவர் தண்ணீர் கேட்கமாட்டார், நீர்ச்சத்து வற்றும். பாதித் தூக்கத்தில் ஊட்டிய உணவு மூச்சுக்குழாயில் இறங்கும். நுரையீரல் தொற்று வரும். விறைத்த கால்களோடு எழுந்தால் விழுவார், ரத்தக்கட்டு வரும். மருத்துவமனைக்கு வந்த இப்படி ஒருவரின் உடம்பில் மூன்றையும் சேர்த்துப் பார்க்கும் மருத்துவர், தொற்றுக்கு மருந்து எழுதும் முன் மருந்துச் சீட்டைத்தான் கேட்க வேண்டும்.

பத்து மடங்குப் பிழை எப்படி நேர்கிறது? ஒரு பூஜ்யம் கூடினால் போதும். கையால் எழுதிய அட்டையைப் பார்த்து இன்னொரு அட்டை எழுதும்போது, முன்பு பார்த்திராத செவிலியர் ஒருவர் இரவுப் பணிக்கு வரும்போது, மருந்தாளர் யாரும் அட்டையைத் திரும்பப் பார்க்காத வாரத்தில். இப்படிப்பட்ட பிழைகள் எல்லா மருத்துவமனைகளிலும் நடக்கின்றன. ஆனால் அங்கே கடைசித் தடுப்பு ஒன்று இருக்கிறது: நோயாளி. "நர்ஸ், நேத்து ரெண்டு மாத்திரைதானே குடுத்தீங்க, இன்னிக்கு என்ன இத்தனை?" என்று கேட்பவர். மறதி நோயில் முதலில் விழுவது அந்தத் தடுப்புதான். நீட்டிய கையிலிருந்து வாங்கி விழுங்குவார். நேற்று என்ன விழுங்கினார் என்பது அவருக்கு நினைவில்லை. ஆகவே மற்ற இடங்களில் மூன்று தடுப்பு போதும் என்றால் இங்கே நான்காவதாக ஒன்று வேண்டும். அதை வைக்காத இடத்தில் பணியாளரின் கவனக்குறைவை மட்டும் பேசுவது நியாயம் இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இது என்னைத் தூங்கவிடாத செய்தி. அளவுக்கு மீறி மருந்து ஏறியவர் எப்படித் தெரிவார்? நாற்காலியில் சாய்ந்து, கண் செருகி, யாரையும் தொந்தரவு செய்யாமல். எந்த இல்லத்தின் பணிக் குறிப்பேட்டையும் புரட்டிப் பாருங்கள்: "இன்று அமைதியாக இருந்தார்" என்ற வரி நல்ல செய்தியாகத்தான் எழுதப்பட்டிருக்கும். நஞ்சேறிய நிலையும் நிம்மதியும் ஒரே சொல்லால் குறிக்கப்படும் குறிப்பேட்டில், ஆபத்து எந்த இடத்தில் பதிவாகும்?

நாற்காலியில் கட்டுவது

ஓக்டனில் உடலைக் கட்டுப்படுத்தும் பட்டைகள் தாராளமாகப் பயன்பட்டதையும், தனியறையில் அடைக்கும் வழக்கம் இருந்ததையும் ஆய்வுக் குழு பதிவுசெய்தது. இடுப்பில் பட்டை, மணிக்கட்டில் பட்டை.

இதைக் கொடுமை என்று ஒரு சொல்லில் முடித்துவிடலாம். முடித்தால் ஏன் நடந்தது என்பது புரியாமல் போகும். மறதி நோயாளி எழுந்து நடப்பதற்குக் காரணம் உண்டு. சிறுநீர் முட்டியிருக்கும். மலச்சிக்கல் வலித்திருக்கும். பல் வலிக்கும், சொல்லத் தெரியாது. வாழ்நாளெல்லாம் விடிகாலை மூன்று மணிக்கு வேலைக்குக் கிளம்பியவர் இப்போதும் அந்த நேரத்துக்குக் கிளம்புவார். மாலை சாயும்போது பதற்றம் கூடும். பல இல்லங்களில் பணியாளர் குறைவதும் அந்த நேரத்தில்தான். காரணத்தைத் தேடிக் கண்டுபிடிக்க ஆள் வேண்டும், அந்த ஆளுக்குப் பயிற்சி வேண்டும், அவருக்கு அந்த முதியவரின் கதை தெரிந்திருக்க வேண்டும். மூன்றும் இல்லாதபோது "விழுந்துவிடக் கூடாதே" என்ற நல்ல காரணத்தோடு பட்டை வருகிறது.

கட்டினால் விழுவது குறையும் என்ற நம்பிக்கையும் பிழை. ஓரிரு வாரம் நாற்காலியிலேயே இருந்த கால் தசை வற்றிவிடும். அவிழ்த்த அன்று அவர் முன்னைவிடச் சுலபமாக விழுவார். முதுகிலும் இடுப்பிலும் படுக்கைப்புண் வரும். பட்டையிலிருந்து நழுவி கழுத்து இறுகி இறந்தவர்கள் பல நாடுகளில் உண்டு.

முழு மதிப்பெண் வந்த வழி

அன்றைய ஆஸ்திரேலிய முறையில் நான்கு தர விதிகள், அவற்றின் கீழ் 44 எதிர்பார்ப்புகள். ஒவ்வொன்றுக்கும் தேர்ச்சி அல்லது தோல்வி. அங்கீகாரத்தைப் புதுப்பிக்கும் தணிக்கை தேதி சொல்லிவிட்டு வரும். இடையில் சொல்லாமலும் வருவார்கள். ஆனால் மூன்றாண்டுக் கனம் உள்ள முடிவு எடுக்கப்படுவது தேதி சொன்ன அந்த நாட்களில்தான். தணிக்கையாளர்கள் கொள்கை ஆவணங்களையும் நோயாளிக் குறிப்புகளையும் பார்ப்பார்கள், தங்கியிருப்பவர்களிடமும் குடும்பத்தாரிடமும் பேசுவார்கள்.

மறதி நோய் முற்றியவர்கள் மட்டுமே உள்ள இடத்தில் இந்த முறை எங்கே ஆட்டம் காண்கிறது என்று பாருங்கள். பேட்டிக்கு உட்காரக்கூடியவர், இருப்பவர்களிலேயே நன்றாக இருப்பவர். கேள்விக்குப் பதில் சொல்ல முடியாதவரின் அனுபவம் கணக்கில் வராது. பட்டை கட்டி வைக்கப்பட்டவர் நேற்றைய பட்டையைப் பற்றிச் சாட்சி சொல்ல முடியாது. மிஞ்சுவது காகிதம். மருந்துக் கொள்கை எழுதப்பட்டிருக்கிறதா? இருக்கிறது. விபத்துப் பதிவேடு இருக்கிறதா? இருக்கிறது. அந்தப் பதிவேட்டில் எழுதப்படாமல் போனது எது என்று பதிவேட்டைப் பார்த்துக் கண்டுபிடிக்க யாராலும் முடியாது.

ஓக்டன் இதற்கு முன்பே ஒருமுறை பிடிபட்ட இடம். 2007இன் இறுதியில் மோசமான தணிக்கை முடிவுக்குப் பிறகு கூட்டாட்சி அரசு அதன்மேல் நடவடிக்கை எடுத்தது. 2008இல் அங்கே தங்கியிருந்த ஒருவர் உடன் தங்கியிருந்த இன்னொருவரால் தாக்கப்பட்டு இறந்தார். வெளியிலிருந்து ஆட்கள் வந்தார்கள், சரிசெய்தார்கள், நடவடிக்கை விலக்கப்பட்டது, ஆட்கள் போனார்கள். அதன் பிறகு நடந்தது, என் கணிப்பில், இதுதான்: தேர்வில் தோற்ற மாணவன் பாடத்தைப் படிப்பதற்குப் பதில் தேர்வு எழுதக் கற்றுக்கொண்டான். ஒன்பது ஆண்டு கழித்து முழு மதிப்பெண் வந்தது. உள்ளே 2007இன் நோய் அப்படியே இருந்தது. மறதி நோயாளிகளைப் பார்த்துக்கொள்ள வேண்டிய நிறுவனம் தன் சொந்த வரலாற்றையே மறந்திருந்தது.

2017 மார்ச்சில் அதே முகமை மீண்டும் வந்தது. இம்முறை 44இல் 15 தோல்வி. ஓர் ஆண்டில் கட்டடம் மாறவில்லை. நோயாளிகள் மாறவில்லை. குடும்பத்தார் சத்தம் போட்டிருந்தார்கள், ஆய்வுக் குழு உள்ளே இருந்தது. பார்க்க வந்தவர்களுக்கு எதைத் தேட வேண்டும் என்று இப்போது தெரிந்திருந்தது.

பேச முடியாதவரின் அனுபவத்தை அளக்க வழியே இல்லையா என்றால், இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் பிரிட்டனின் பிராட்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் டாம் கிட்வுட்டும் கேத்லீன் பிரெடினும் ஒரு முறையை உருவாக்கினார்கள். பயிற்சி பெற்ற ஒருவர் பொது அறையில் மணிக்கணக்கில் உட்கார்ந்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு முதியவரும் என்ன செய்கிறார், முகத்தில் என்ன தெரிகிறது, யார் அவரிடம் எப்படிப் பேசினார்கள் என்று குறிக்க வேண்டும். இங்கிலாந்தின் தணிக்கை ஆணையம் இதன் சுருக்க வடிவம் ஒன்றைத் தன் ஆய்வுகளில் பயன்படுத்துகிறது. சாப்பாட்டு நேரத்தில் ஒரு மணி நேரம் இப்படி உட்கார்ந்தவருக்கு, அரைத் தூக்கத்தில் ஊட்டப்படும் முதியவர் கண்ணில் படாமல் போகமாட்டார்.

குடும்பம் கேட்டது, கிடைத்த பதில்கள்

அந்த மனிதரின் மனைவியும் பிள்ளைகளும் கேட்கத் தொடங்கினார்கள். மாதங்கள் போயின. நேரான பதில் வரவில்லை. மனநல நிலையங்களுக்குச் சென்று பார்க்கும் சட்ட அதிகாரம் கொண்ட சமூகப் பார்வையாளர் திட்டம் மாநிலத்தில் இருந்தது. அதன் தலைமைப் பார்வையாளர் ஓக்டன் பற்றிக் கவலையை மேலிடத்துக்குக் கொண்டுசென்றார். 2016 டிசம்பரில் சுகாதார வலையமைப்பின் தலைமை அதிகாரி குடும்பத்தைச் சந்தித்த பிறகுதான் மாநிலத்தின் தலைமை மனநல மருத்துவர் ஆரோன் குரோவ்ஸிடம் ஆய்வு ஒப்படைக்கப்பட்டது. கணவர் இறந்து ஏறத்தாழ ஐந்து மாதம் ஆகியிருந்தது.

இந்த இடத்தை எந்தக் குடும்பமும் சுலபமாகக் கடக்க முடியாது. பராமரிப்பு இல்லத்தில் ஒருவரை விட்டுவிட்டு வந்த குடும்பத்துக்கு முதல் பகை அதன் குற்ற உணர்வு. "நாமே பார்த்துக்கொண்டிருந்தால்" என்ற எண்ணம் இருக்கும்வரை அடுத்தவரைக் கேள்வி கேட்க வாய் வராது. இரண்டாவது, பயம். இன்று சண்டை போட்டுவிட்டு நாம் வீட்டுக்குப் போய்விடுவோம். இரவு அவரிடம் யார் போவார்கள்? மூன்றாவதுதான் மிகக் கடினம். கேட்டால் கிடைக்கும் பதில்கள் பொய்யாக இருப்பதில்லை.

"வயசானவங்க தோல் மெல்லிசும்மா, தொட்டாலே ரத்தம் கட்டும்." உண்மை. "இந்த நோயோட போக்கு அப்படித்தான், திடீர்னு இறங்கும்." உண்மை. "அவரே எங்கயாவது இடிச்சிருப்பாரு." நடக்கக்கூடியதே. பொதுவாக உண்மையான ஒரு வாக்கியத்தை, பார்க்காத ஒரு காயத்தின்மேல் ஒட்டும்போது அது விசாரணையை மூடும் மூடி ஆகிவிடுகிறது. முன்கையில் தொட்டதால் வரும் கன்றலும், மணிக்கட்டைச் சுற்றி வளையமாக இருக்கும் கன்றலும் ஒன்றில்லை. மெதுவாக மாதக்கணக்கில் இறங்கும் மறதி நோயும், மூன்று நாளில் விழும் நிலையும் ஒன்றில்லை. மூன்று நாளில் விழுந்தால் அது சித்தப்பிரமை எனப்படும் டெலீரியம், அதற்குப் பின்னால் தொற்றோ, மருந்தோ, வலியோ, நீர்வற்றலோ இருக்கும், தேடினால் பெரும்பாலும் கிடைக்கும், பல நேரம் பழைய நிலையும் திரும்ப வரும். "நோயின் போக்கு" என்ற சொல் தேடுவதை நிறுத்திவிடுகிறது.

பணியாளர்களிலும் சொன்னவர்கள் இருந்தார்கள். அவர்கள் சொன்னதும் மேலே போகவில்லை. இப்படிப்பட்ட இடங்களில் நல்ல செவிலியர்கள் முதலில் சோர்ந்து, பிறகு இடம் மாறிப் போய்விடுகிறார்கள். மிஞ்சுபவர்களுக்கு அதுவே வழக்கமாகிவிடுகிறது. எதையும் ஒப்பிட்டுப் பார்க்க வெளியிலிருந்து புதிதாய் யாரும் வராத வார்டில் தரம் எங்கே இருக்கிறது என்று உள்ளே இருப்பவருக்கே தெரியாது.

அறிக்கைகள்

குரோவ்ஸின் அறிக்கை 2017 ஏப்ரலில் வெளியானது. பராமரிப்பு முறை, கட்டடம், பணியாளர், நிர்வாகம், பணிப் பண்பாடு, கட்டுப்பாட்டுப் பட்டைகள் என்று ஆறு பரிந்துரைகளுக்குள் அது எல்லாவற்றையும் தொட்டது. மாநில அரசு இல்லத்தை மூடுவதாக அறிவித்தது. அங்கிருந்தவர்கள் சில வாரங்களில் வேறு இடங்களுக்கு மாற்றப்பட்டார்கள். மாநில முதல்வர் ஜே வெதரில் மன்னிப்புக் கேட்டார். முதியோர் மனநலத்துக்குப் பொறுப்பான அமைச்சர் லீசா விளாகோஸ் அதே ஆண்டு பதவி விலகினார்.

ஊழல் தடுப்பு ஆணையர் புரூஸ் லேண்டரின் அறிக்கை 2018 பிப்ரவரி 28இல் வந்தது. "தென் ஆஸ்திரேலிய வரலாற்றில் வெட்கக்கேடான ஓர் அத்தியாயம்" என்று தலைப்பிலேயே தீர்ப்பு இருந்தது. ஐந்து தனிநபர்கள் மீதும் சுகாதார வலையமைப்பு மீதும் நிர்வாகச் சீர்கேட்டுக்கான முடிவை எழுதினார். அமைச்சர்களும் மேலதிகாரிகளும் தங்களுக்குத் தெரியாது என்றார்கள். தெரிந்திருக்க வேண்டிய இடத்தில் இருந்தவர்கள் அவர்கள். தெரியவில்லை என்பதை விடுதலையாக எடுத்துக்கொள்ளும் வழக்கத்துக்கு அந்த அறிக்கை இடம் கொடுக்கவில்லை, அதற்காகவே அதை மதிக்கிறேன்.

முகமை எப்படித் தவறவிட்டது என்பதைக் கேட் கார்னெலும் ரான் பேட்டர்சனும் தனியாக ஆராய்ந்து 2017 அக்டோபரில் அறிக்கை தந்தார்கள். அதன் விளைவாக 2018 ஜூலையிலிருந்து அங்கீகாரத் தணிக்கைகள் தேதி சொல்லாமல் நடக்கத் தொடங்கின. 2019 ஜனவரி 1இல் தரத்தையும் புகாரையும் ஒன்றாகப் பார்க்கும் புதிய ஆணையம் வந்தது. இதற்கிடையில் ஓக்டன் ஒரு தனிக் கதை இல்லை என்பது நாடு முழுக்கத் தெரிந்துவிட்டது. 2018 அக்டோபரில் முதியோர் பராமரிப்புக்கான அரச விசாரணை ஆணையம் அமைந்தது.

அந்த ஆணையத்தின் 2019 அக்டோபர் இடைக்கால அறிக்கையின் பெயர் "புறக்கணிப்பு". உடனடியாகக் கவனிக்க வேண்டிய மூன்றில் ஒன்றாக அது மருந்தால் கட்டிப்போடுவதைச் சொன்னது. இல்லங்களில் மனத்தைப் பாதிக்கும் மருந்து பெறுபவர்களில் சுமார் 10 சதவீதத்தினருக்கே அது தெளிவாக நியாயப்படுகிறது என்ற நிபுணர் சாட்சியம் அதில் இருக்கிறது. அதே மாதம் ஆணையத்துக்காக வொல்லாங்காங் பல்கலைக்கழகம் செய்த ஆய்வு, இல்லங்களில் வாழ்பவர்களில் 57.6 சதவீதத்தினர் ஏற்கத்தகாத பணியாளர் அளவு உள்ள இடங்களில் இருப்பதாகக் கணக்கிட்டது. பட்டையையும் மாத்திரையையும் புரிந்துகொள்ள இந்த இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும். பல இடங்களில் மாத்திரை, வராத பணியாளரின் வேலையைச் செய்துகொண்டிருந்தது.

600க்கும் மேற்பட்ட சாட்சிகள், 10,000க்கும் மேற்பட்ட மனுக்கள், 148 பரிந்துரைகள். இறுதி அறிக்கை 2021 மார்ச் 1இல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது.

மாறியதும் மாறாததும்

எதுவும் மாறவில்லை என்று எழுதுவது சுலபம், ஆனால் சரி ஆகாது. 2019 ஜூலையிலிருந்து இல்லங்கள் படுக்கைப்புண், உடல் கட்டுப்பாடு, காரணமற்ற எடைக் குறைவு ஆகியவற்றை மூன்று மாதத்துக்கு ஒருமுறை எண்ணித் தர வேண்டும். 2021இல் விழுந்து அடிபடுவதும் மனநோய் மருந்துப் பயன்பாடும் அந்தப் பட்டியலில் சேர்ந்தன. அதே ஆண்டு செப்டம்பரிலிருந்து, நடத்தை மாற்றம் உள்ள ஒவ்வொருவருக்கும் அவருடைய பராமரிப்புத் திட்டத்தில் நடத்தை ஆதரவுத் திட்டம் இருக்க வேண்டும். மருந்தோ பட்டையோ கடைசி வழி.

எனக்கு மிக முக்கியமாகப் படுவது 2021 ஏப்ரலில் தொடங்கிய தீவிர நிகழ்வு அறிவிப்புத் திட்டம். அதற்கு முன், தாக்கியவருக்கு அறிவுத்திறன் குறைபாடு இருந்தால், குறிப்பிட்ட நிபந்தனைகளின் கீழ் இல்லம் அதை வெளியே அறிவிக்காமல் இருக்கலாம் என்ற விலக்கு சட்டத்தில் இருந்தது. மறதி நோயாளிகள் நிறைந்த இடத்தில் ஒருவர் இன்னொருவரை அடிப்பது பெரும்பாலும் இந்த விலக்குக்குள்தான் வரும். அடிபட்டவரின் எலும்பு யார் அடித்தார்கள் என்று பார்த்து முறிவதில்லை. அந்த விலக்கு நீக்கப்பட்டது.

2023 ஜூலையிலிருந்து பதிவுபெற்ற செவிலியர் ஒருவர் 24 மணி நேரமும் இல்லத்தில் இருக்க வேண்டும். 2024 அக்டோபரிலிருந்து ஒருவருக்கு நாளொன்றுக்குச் சராசரி 215 நிமிடப் பராமரிப்பு, அதில் 44 நிமிடம் பதிவுபெற்ற செவிலியருடையது. தற்செயலாக அந்த 44 மீண்டும் வந்திருக்கிறது. பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சுருக்கென்கிறது. ஏனென்றால் நிமிடங்களையும் இல்லமே கணக்கெழுதித் தருகிறது. 215 நிமிடத்துக்குள் ஒருவரை அவசரமாகக் குளிப்பாட்டி, அவசரமாக ஊட்டி, மீதியைக் குறிப்பெழுதியும் முடிக்கலாம். அதே 215 நிமிடத்தில், மூன்று மணிக்கு எழுந்து கிளம்பும் ஒருவரோடு கூடவே நடந்து, அவருக்குச் சிறுநீர் முட்டியிருப்பதைக் கண்டுபிடிக்கவும் செய்யலாம். ஆள் வேண்டும் என்பது முதல் நிபந்தனை, அதற்காகப் போராடியவர்களுக்கு நான் நன்றி உள்ளவன். அந்த ஆள் என்ன செய்தார் என்பதைப் பார்க்க, தணிக்கையாளர் பொது அறையில் போய் உட்கார்ந்துதான் ஆக வேண்டும்.

இப்போது ஒருவரை இல்லத்தில் சேர்க்கப்போகும் குடும்பத்துக்கும் அதையே சொல்வேன். தணிக்கை மதிப்பெண்ணையும், அரசு இல்லங்களுக்குத் தரும் நட்சத்திர மதிப்பீட்டையும் பாருங்கள். பார்த்த பிறகு மாலை ஐந்து மணிக்குப் போய் உட்காருங்கள். சாப்பாடு வரும்போது எத்தனை பேர் விழித்திருக்கிறார்கள் என்று எண்ணுங்கள். மருந்து அட்டையின் படியைக் கேட்டு வாங்கி, ஒவ்வொரு மாற்றத்தின்போதும் புதியதைப் பழையதோடு ஒப்பிடுங்கள். ரத்தக்கட்டு கண்டால் தேதியோடு படம் எடுத்து, அன்றைக்கே எழுத்தில் கேளுங்கள். அவர் யார், என்ன வேலை செய்தார், எதற்குப் பயப்படுவார் என்று ஒரு பக்கம் எழுதி அறைச் சுவரில் ஒட்டுங்கள். அவரால் சொல்ல முடியாததை அந்தக் காகிதம் ஓரளவாவது சொல்லும்.

அரச ஆணையத்தின் சாட்சி விசாரணை 2019 பிப்ரவரி 11இல் அடிலெய்டில் தொடங்கியது. முதலில் சாட்சி சொல்ல அமர்ந்தவர் அந்த மனிதரின் மனைவி. ஆணையம் கேட்ட புதிய முதியோர் பராமரிப்புச் சட்டம் 2024இல் நிறைவேறி, 2025 நவம்பர் 1இல் நடைமுறைக்கு வந்தது. அந்த மனிதரை ஓக்டனிலிருந்து மருத்துவமனைக்குக் கொண்டுபோன நாளிலிருந்து எண்ணினால் ஏறத்தாழப் பத்து ஆண்டுகள். பராமரிப்பு இல்லத்துக்குள் நுழைபவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் மூன்று ஆண்டுக்குள் இறந்துவிடுகிறார்கள்.